தையல் கற்றுக்கொடுக்கும் நான் ஆராய்ச்சிக்கு வரலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, எனக்கு 37 வயது. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு 12 வருடமாகத் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் உள்ளூர்ப் பெண்களுக்கும் ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் ஓவர்லாக், பேட்லாக் மிஷின் பழக்குவதும், சூப்பர்வைசர்களுக்கு வகுப்பு எடுப்பதும் என் வேலை. எங்களிடம் 45 நாள் பயிற்சித் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் லைனில் இருக்கும் 51 வயது அக்கா ஒருவர், ஊசியில் நூலே கோக்காமல், வேஸ்ட் துணியில் சாக்பீஸால் வளைவு வளைவாகக் கோடு போட்டு, அதன் மேல் மிஷினை ஓட்டச் சொல்லிப் பழக்குவார். அவரிடம் பழகிய பெண்கள் எங்கள் வகுப்பில் படித்தவர்களைவிடச் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். பெரியவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள், தொழிலாளர் திறன் எப்படி வளர்கிறது என்பதில் பிஎச்.டி. செய்து, கல்லூரி ஆசிரியராக வர ஆசைப்படுகிறேன். வேலையை விட்டு முழுநேரமாகச் சேரலாமா? கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் முதியோர் கல்வி என்று தனிப் பாடம் இருக்கிறதாம், அதை எழுதட்டுமா? இந்தத் துறையில் வேலை கிடைக்குமா? முதுகலையில் 58 சதவீதம் எடுத்தேன். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். "இந்த வயசுல எதுக்குப் படிப்பு?" என்கிறார்கள் வீட்டில்.
— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வேலையை விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் ஆராய்ச்சிக்கான பொருள் முழுவதும் அந்தக் கம்பெனிக்குள்தான் இருக்கிறது. வெளியே வந்துவிட்டால், பிறகு அனுமதிக் கடிதத்தோடு அதே வாசலில் நின்று செக்யூரிட்டியிடம் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருக்கும். முதியோர் கல்வித் துறையில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வு மாணவர்கள் பலர் தொழிற்சாலைக்குள் நுழைய அனுமதி கிடைக்காமலே ஒரு வருடத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் 12 வருடமாக உள்ளே இருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த நூல் கோக்காத ஊசிதான். நெட், வேலை என்று வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள், இதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்காமல் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

1970களில் ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானுடவியல் அறிஞர் லைபீரியாவில் தையல்காரர்களின் கடைகளில் போய் உட்கார்ந்தார். அங்கே தொழில் பழக வரும் பையன்களுக்கு வகுப்பு கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. ஆனாலும் அவர்கள் நல்ல தையல்காரர்களாக ஆகிக்கொண்டே இருந்தார்கள். எப்படி என்று பார்த்தபோது அவர் கவனித்த விஷயம் அழகானது. உடுப்பு உருவாகும் வரிசை ஒன்று, பையன்கள் கற்கும் வரிசை அதற்கு நேர்த்தலைகீழ். உடுப்புக்கு முதலில் துணி வெட்ட வேண்டும், பிறகு தைக்க வேண்டும், கடைசியில் பட்டன், ஓரமடிப்பு. பையன்களோ பட்டனிலும் ஓரமடிப்பிலும் தொடங்கி, பிறகு தையலுக்கு வந்து, கடைசியாகத்தான் கத்தரியைத் தொடுவார்கள். பட்டன் தையல் தப்பினால் பிரித்துவிடலாம். துணியைத் தப்பாக வெட்டினால் போச்சு. பிழை செய்தாலும் நஷ்டம் வராத இடத்தில் கற்றல் தொடங்குகிறது. முழு உடுப்பு எப்படி இருக்கும் என்பதைப் பையன் முதல் நாளிலேயே கண்ணால் பார்த்துவிடுகிறான். வேலையின் ஓரத்தில் சேர்ந்து மெல்ல நடுவுக்கு நகர்வதுதான் கற்றல் என்று பின்னாளில் எட்டியென் வெங்கருடன் சேர்ந்து 1991-இல் அவர் எழுதியதற்கு, இந்தத் தையல் கடைகளும் ஓர் அடிப்படை.

இப்போது உங்கள் அக்காவிடம் வாருங்கள். நூல் இல்லாத ஊசி என்றால் நூல் அறாது, பீஸ் பாழாகாது, செக்கிங்கிலிருந்து திட்டு வராது. வளைவுக் கோட்டில் ஓட்டும்போது கால் பெடலும் கையும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கின்றன. புதிதாக வந்த பெண்ணுக்கு மிஷினின் வேகத்தைக் கண்டு வரும் பயம் போகிறது. காகிதத்திலும் வேஸ்ட் துணியிலும் நூலில்லாமல் ஓட்டிப் பழகுவது பல தையல் பயிற்சிகளில் உள்ளதுதான். உங்கள் 45 நாள் திட்டத்திலும் முதல் இரண்டு நாள் இருக்கலாம். அப்படியானால் அக்காவிடம் வேறு என்ன நடக்கிறது? எந்த வளைவை முதலில் போடுகிறார், எப்போது கோட்டை நெருக்குகிறார், பிள்ளை தடுமாறும்போது பேசுகிறாரா, பேசாமல் கையைப் பிடித்து நகர்த்துகிறாரா? ஒடிசா பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு ஒடியா தெரியாது. அந்த இடத்தில் கற்பித்தல் எதன் வழியாக நடக்கிறது? நூல் கோர்க்கும் நாளை யார் முடிவு செய்கிறார், அக்காவா, பிள்ளையா?

இவையெல்லாம் ஆராய்ச்சிக் கேள்விகள். "திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர் திறன் மேம்பாடு: ஓர் ஆய்வு" என்று தலைப்பு வைத்து 300 பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து, சதவீதக் கணக்குப் போட்டு முடித்த ஆய்வேடுகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அவற்றைப் படித்தவர்கள் அதை எழுதியவரும் திருத்தியவரும் மட்டும்தான். நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஒரு லைன், 15 பிள்ளைகள், ஒரு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதினால் போதும். அதற்கு முறைப்படி பெயர் உண்டு, மரபும் உண்டு. நேர்காணலில் "வெறும் 15 பேரா?" என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1991-இல் முதுகலை மாணவியாக, அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் தொண்டராகப் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனேன். கல் உடைக்கும் பெண்களுக்கு மாலையில் வகுப்பு. அரிக்கேன் வெளிச்சத்தில் நான் ஒன்று, இரண்டு எழுதிக் காட்டுவேன். ஓர் அம்மா பலகையைத் தொடவே மாட்டார். ஒரு நாள் எரிச்சலில், "எண்ணத் தெரிஞ்சாத்தானேம்மா கூலியில ஏமாறாம இருக்கலாம்?" என்று கேட்டுவிட்டேன். அவர் அந்த வாரம் தான் உடைத்த ஜல்லியின் அளவு, அதற்குச் சேர வேண்டிய கூலி, வாங்கிய முன்பணம், கழித்தது, மிச்சம் எல்லாவற்றையும் மனக்கணக்காக ஒரே மூச்சில் சொன்னார். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், ஒரு ரூபாய்கூடத் தப்பவில்லை. கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும். மேஸ்திரி நோட்டில் எழுதுவது தன் கணக்கோடு பொருந்துகிறதா என்று படிக்கத்தான் தெரிய வேண்டியிருந்தது. மறுநாள் எண் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, கூலி நோட்டின் பக்கம் ஒன்றைப் பலகையில் எழுதினேன். அன்றுதான் அவர் பல்பக் குச்சியைக் கையில் எடுத்தார்.

பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அது புரிந்தது அந்த ஜல்லிக் கணக்கில்தான். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரேரே என்ற கல்வியாளர் 1963-இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முனைந்தபோது, அரிச்சுவடியை வைத்துத் தொடங்கவில்லை. அந்த மக்கள் அன்றாடம் புழங்குகிற சொற்களைத் திரட்டி, அவற்றிலிருந்து தொடங்கினார். 12 வருடம் மிஷின் சத்தத்தின் நடுவே இருந்த உங்களுக்கு, லைனில் இருக்கும் பெண்கள் அன்றாடம் புழங்குகிற சொற்கள் ஏற்கெனவே தெரியும். அதுதான் உங்கள் பலம்.

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம்.

நெட் தேர்வில் முதியோர் கல்வி, தொடர்கல்வி, முறைசாராக் கல்வி எல்லாம் சேர்ந்து ஒரு தனிப் பாடம் இருப்பது உண்மை. அதன் எண் 46. ஆனால் முதுகலையில் படித்த பாடத்தில்தான் நெட் எழுத வேண்டும் என்பது விதி. அந்தப் பாடம் பட்டியலில் இல்லாதவர்கள்தான் நெருங்கிய பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குச் சமூகப்பணி என்ற பாடம், எண் 10, பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே நீங்கள் எழுத வேண்டியது அதுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு பாடத்தில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன் அந்த முறை வரும் அறிவிப்பை ஒரு தடவை முழுதாகப் படியுங்கள்.

இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், அதனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் படித்து வையுங்கள். நெட் வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடச் சலுகை சேர்த்தாலும் 35. உங்களுக்கு அது கடந்துவிட்டது, அதை நினைத்து வருந்த வேண்டாம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு நெட்டில் வயது வரம்பே கிடையாது. 2023 ஜூலை முதல், உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்ச்சியைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருக்கிறது. ஆக பிஎச்.டி. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் நெட்டை முடித்துவிடுங்கள். கல்லூரி வாசல் அப்போதே திறக்கும்.

பிஎச்.டி.யைப் பகுதிநேரமாகவே செய்யலாம். 2022 யுஜிசி விதிகள் அதை அனுமதிக்கின்றன. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், உங்களிடம் 58 இருக்கிறது. கம்பெனியிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்க அனுமதி உண்டு, வேலை நேரம் இடம் கொடுக்கும், பாடப்பகுதிக்குத் தேவைப்பட்டால் விடுவிப்போம் என்று அதில் இருக்க வேண்டும். இந்தச் சான்றை வாங்குவதுதான் உண்மையில் கஷ்டம். எச்.ஆரிடம் போகும் முன் யோசித்துப் போங்கள். "பயிற்சி நாட்கள் ஏன் இழுக்கின்றன என்று பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால் கேட்பார்கள். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் மறுபதிவில் இரண்டு வருடம், பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உண்டு. பிள்ளைகளின் பொதுத்தேர்வு வருடத்தில் கொஞ்சம் தளர்ந்தாலும் தாங்கும்.

எங்கே சேர்வது? காந்திகிராமம், காரைக்குடி அழகப்பா, திருச்சி பாரதிதாசன், சென்னைப் பல்கலைக்கழகம் ஆகிய இடங்களில் முதியோர் கல்வி அல்லது வாழ்நாள் கற்றல் துறை உண்டு. சமூகப்பணித் துறையிலேயே சேர்ந்து இதே தலைப்பைச் செய்யவும் முடியும். நெட்டும் சமூகப்பணி, பிஎச்.டி.யும் சமூகப்பணி என்றால் பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பாடப் பொருத்தம் என்ற தகராறு வராது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் யார் என்பதுதான் முக்கியம். அவரிடம் படித்த இரண்டு பேரைத் தேடிப்பிடித்து, அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் படித்துத் திருப்பித் தருவார் என்று கேளுங்கள். மற்றது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

வேலை கிடைக்குமா என்று கேட்டீர்கள். முதியோர் கல்வித் துறைகளில் நிரந்தரப் பணியிடம் மிகவும் குறைவு. ஓய்வு பெற்றவர்களின் இடம் நிரப்பப்படாமலே கிடப்பதை நான் கண்ணெதிரே பார்த்தேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்களுக்குக் கல்லூரி வேலை கிடைத்தால் அது பெரும்பாலும் சமூகப்பணித் துறையில்தான் இருக்கும். தொடக்கத்தில் சுயநிதிக் கல்லூரிதான் கிடைக்கும். இப்போது வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூடக் கொடுப்பார்கள். வேலையை விடாதீர்கள் என்று முதல் வரியில் எழுதியதற்கு இதுவும் காரணம்.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் வந்தே ஆக வேண்டும் என்று நான் நினைப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. நம் நாட்டில் எழுத்தறிவும் தொடர்கல்வியும் ஒரு வீடு, தொழில் திறன் பயிற்சி இன்னொரு வீடு. முதலாவது கல்வி அமைச்சகத்தில் வளர்ந்தது. ஐ.டி.ஐ.க்கள் வெகுகாலம் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருந்து, 2015-இல் புதிய திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போயின. இந்த வீட்டுக்காரர்கள் அந்த வீட்டுக்காரர்களுடைய புத்தகத்தைப் படிப்பதில்லை. 1967-இல் பம்பாய் வொர்லியில் ஆலைத் தொழிலாளர்களுக்காக முதல் 'ஷ்ரமிக் வித்யாபீட்' (தொழிலாளர் கல்விக்கூடம்) தொடங்கியபோது நோக்கம் வேறாக இருந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்த தொழிலாளிக்குக் கைத்தொழில், எழுத்து, உடல்நலம், நகர வாழ்க்கை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். இன்று 'மக்கள் கல்வி நிறுவனம்' என்று நீங்கள் பார்க்கும் போர்டு அதன் வழி வந்ததுதான். 2018-இல் அதுவும் திறன் அமைச்சகத்துக்கு மாறிவிட்டது.

இரண்டு வீடுகளும் இப்படிப் பிரிந்து கிடப்பது ஏன் முக்கியம் என்றால், தொழில் மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தை உலகம் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டது. 1960களின் பிற்பகுதியில் யுனெஸ்கோ, உற்பத்தியோடு எழுத்தறிவை இணைக்கும் ஒரு பரிசோதனைத் திட்டத்தைப் பல நாடுகளில் நடத்தியது. அந்த யுனெஸ்கோவில் அப்போது துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷையா. 1976-இல் வெளியான மதிப்பீடு, எழுத்தறிவை உற்பத்திக்குள் மட்டும் குறுக்கியது பெரிய குறை, சமூக வாழ்க்கையையும் பண்பாட்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னது. ஆதிசேஷையா பொருளாதாரப் பேராசிரியர். ஊர் திரும்பி, 1971-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியவர், முதியோர் கல்வியையும் விடவில்லை. இரண்டு வீட்டிலும் உரிமையோடு நுழையக்கூடிய ஆள் எப்படி இருப்பார் என்பதற்கு நான் என் மாணவர்களிடம் அவரைத்தான் சொல்வேன்.

உங்கள் ஆய்வில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். அக்காவின் முறை சீக்கிரம் பலன் தருகிறது என்று நீங்கள் எழுதியதும் கம்பெனி என்ன செய்யும்? பயிற்சிக் காலத்தைக் குறைக்கும், டார்கெட்டைக் கூட்டும். அந்த அக்காவுக்கு என்ன கிடைக்கும்? சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவருடைய பீஸ் எண்ணிக்கை குறைகிறதல்லவா, பீஸ் ரேட்டில் அந்த இழப்பை யார் ஈடுகட்டுகிறார்? பயிற்சியாளராகிய உங்களை அவர் மேலதிகாரியாகத்தான் பார்ப்பார். நீங்கள் சம்மதம் கேட்டால் மறுக்க முடியுமா? இதையெல்லாம் ஆய்வேட்டின் ஒரு மூலையில் 'நெறிமுறைகள்' என்று அரைப்பக்கம் எழுதிக் கடந்துவிட வேண்டாம். ஒரு முழு அத்தியாயம் எழுதுங்கள். முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு 2015 முதல் மத்தியத் திறன் திட்டத்தில் இருக்கிறது. பல வருட அனுபவம் உள்ளவரைச் சோதித்துச் சான்று தருவார்கள். அந்தச் சான்று அக்காவின் கூலியில் பத்து ரூபாயாவது கூட்டுகிறதா என்று பாருங்கள். என் வேண்டுகோளாகவே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பயிற்சியின் பலனை எப்படி அளப்பது. டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-இலேயே நான்கு படிகளாகச் சொன்னார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பெரும்பாலான இடங்களில் முதல் படியோடு நின்றுவிடுவார்கள். நானும் அப்படி நின்றவள்தான். ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர்களுக்கு ஆறு வகுப்பு எடுத்தேன்; கருத்துப் படிவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதினார்கள். மூன்று மாதம் கழித்து நூற்புப் பிரிவில் போய் நின்று பார்த்தேன். நான் சொன்னதில் ஒன்றுகூட அங்கே நடக்கவில்லை. சூப்பர்வைசர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க நினைத்தாலும் உற்பத்திக் கணக்கு அவரை விடாது என்பதை நான் வகுப்பறையில் பார்க்கவே இல்லை. நீங்கள் லைனில் நின்றே பாருங்கள்.

வீட்டில் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைத் தீர்க்க முதல் நாளே பேசி வெல்ல வேண்டியதில்லை. நெட் தேர்வுக்குக் காலையில் ஒரு மணி நேரம் படிக்கத் தொடங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு யார் டிபன் செய்வது என்பதை மட்டும் இப்போது பேசித் தீர்த்தால் போதும்.

இன்றே ஒரு கோடு போட்ட நோட்டு வாங்குங்கள். தினமும் ஷிப்ட் முடிந்ததும் பத்து வரி, தமிழிலேயே, லைனில் பேசிக்கொள்கிற வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டி வரலாம், ஆனால் பார்த்ததை எழுத உங்கள் மொழிதான் சரி. யார் பெயரும் வேண்டாம், ஓர் எழுத்துப் போதும். இது உங்கள் சொந்தப் பழக்கத்துக்குத்தான். ஆய்வுக்கென்று எடுப்பதானால் முறைப்படி எல்லோரிடமும் சம்மதம் வாங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு நெறியாளரைப் பார்க்கப் போங்கள்.

அதற்கு முன், ஒரு டீ இடைவேளையில் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தையல் பழக்கியது யார், அப்போது அவர் ஊசியில் நூல் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.